அமைச்சரின் முகத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் டீப்ஃபேக் விளம்பரங்கள்: ஓர் எச்சரிக்கை

நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஏதேனும் ஒரு முதலீட்டுச் செயலியைப் பரிந்துரைப்பதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் வந்தால், அது டீப்ஃபேக் முறையில், அதாவது செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் முகத்தையும் குரலையும் போலவே உருவாக்கும் முறையில், தயாரித்த போலி என்றே கொள்ளுங்கள். இத்தகைய காணொலிகள் பொய்யானவை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் பலமுறை அறிவித்துவிட்டது. அப்படியிருந்தும் அவை ஓயவில்லை. என் சித்தப்பா தம் ஓய்வூதியச் சேமிப்பில் பெரும்பகுதியை அண்மையில் இப்படித்தான் பறிகொடுத்தார்.

அவர் விவரம் அறியாதவர் அல்லர். வங்கி வேலைகளையும் வருமான வரிக் கணக்கையும் தாமே பார்த்துக்கொள்பவர். அந்தக் காணொலியில் அமைச்சரின் முகமும் குரலும் மட்டுமன்றி, ஒரு செய்தித் தொலைக்காட்சியின் சின்னமும் கீழே ஓடும் செய்தி வரியும்கூட இருந்தன. உண்மையான பேட்டி ஒன்றை எடுத்து, குரலைப் போலியாக உருவாக்கி, அதற்கேற்ப உதட்டசைவை மட்டும் மாற்றுவதால், மற்ற அனைத்தும் அசலாகவே தெரிகின்றன. பிறகு கணக்கு மேலாளர் என்று ஒருவர் தொலைபேசியில் வந்து, "ஐயா, முதலில் சிறிய தொகையாகப் போட்டுப் பாருங்கள்" என்று பணிவாகப் பேசினார். செயலியில் லாபம் ஏறியது. அதில் கொஞ்சத்தை எடுக்கவும் விட்டார்கள். நம்பிக்கை வேர்விட்டது அங்கேதான். பெருந்தொகை சேர்ந்த பிறகு எடுக்க முயன்றபோது, முன்கூட்டியே வரி கட்ட வேண்டும் என்று மேலும் பணம் கேட்டார்கள்.

அதற்குப் பின் நேர்ந்தவை என்னை இன்னும் வருத்துகின்றன. விளம்பரத்தைப் பற்றி நாங்கள் அளித்த புகாருக்கு, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று சமூக ஊடக நிறுவனம் பதில் அனுப்பியது. வங்கிக் கிளையிலோ, அவரே தம் ரகசிய எண்ணை (PIN) இட்டு அனுப்பிய பணத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று சொல்லிவிட்டு, எழுத்தில் மனு கேட்டார்கள். இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கை, அவருடைய அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்கே காப்பளிக்கிறது. ஏமாற்றப்பட்டுத் தம் கையாலேயே அனுப்பியவர் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார். டீப்ஃபேக் மோசடி முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. செயற்கையாக உருவாக்கிய காணொலிகளில் அதைக் குறிப்பிடும் அடையாளம் இருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள் கூறின. ஆனால் திருட வருபவன் தானாக அடையாளம் ஒட்டமாட்டான். காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தை வெளியிடும் நிறுவனம், விளம்பரதாரர் யார் என்று சரிபார்த்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இத்தொழில்நுட்பத்தையே வெறுக்கச் சொல்லவில்லை. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் 2024இல் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கச் செய்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கினார். அனுமதி இருந்த இடத்தில் யாருக்கும் இழப்பில்லை.

காணொலியில் கண் சிமிட்டலையும் உதட்டையும் உற்றுப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். சித்தப்பா அனுப்பியவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தனிநபர்களின் பெயர்களுக்கே சென்றிருந்தன. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவுபெற்ற தரகு நிறுவனங்களுக்கு, '@' குறிக்குப் பின் 'வேலிட்' (valid) என்று தொடங்கும் தனி யுபிஐ முகவரி 2025 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. பணம் போய்விட்டால் வங்கிக்கு நடப்பதற்கு முன்பே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் பெற்றவரின் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். செயலியை அழித்துவிடாமல் அதன் திரைப்பிடிப்புகளையும் (ஸ்கிரீன்ஷாட்) உரையாடல்களையும் சேமித்து வையுங்கள்.