ராமநாதபுரம் கரையிலிருந்து ஸ்டார்ட்அப் சேவைகள்: எது கைகொடுக்கும், எது இழுத்தடிக்கும்

தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கரையில் புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இன்று அரசுச் சேவைகளுக்குப் பஞ்சமில்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம், தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் விதை நிதி, மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும் மானியக் கடன் என்று வரிசை நீளம். இவற்றைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் சென்னையில் ஆப் செய்பவரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. மண்டபத்தில் கடல்பாசி காயவைப்பவருக்கும், கமுதிப் பக்கம் முண்டு மிளகாயைப் பொடியாக்கி விற்பவருக்கும் அதே சேவைகள் எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முதலில் உத்யம். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் அது அரசுக் கட்டணம் அல்ல, தட்டச்சுக் கூலி. பலருக்குத் தெரியாத ஒரு லாபமும் உண்டு. வணிகக் குறியீட்டை ஆன்லைனில் பதிவு செய்ய ஒரு வகைக்கு 9,000 ரூபாய் என்றால், உத்யம் உள்ள சிறு நிறுவனத்துக்கு 4,500தான். இந்தச் சலுகைக்காக மட்டும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்தின் பின்னால் அலைய வேண்டியதில்லை. ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்.

ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்தில்தான் கடற்கரைக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். இங்கே தொழில் என்றால் ஒருவர் பெயரில் நடக்கும் கடை, இல்லையென்றால் மகளிர் சுயஉதவிக் குழு. தனிநபர் உரிமத் தொழிலுக்கு இந்த அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை போன்ற வடிவம் வேண்டும். உடனே கம்பெனி பதிவு செய்துவிடலாம் என்று தோன்றும். 15 லட்சம் வரையிலான மூலதனத்துக்கு ஸ்பைஸ் பிளஸ் என்ற கம்பெனிப் பதிவுப் படிவத்தில் மத்திய அரசுக் கட்டணம் பூஜ்யம் என்பதால் ஆசை இன்னும் கூடும்.

தொடங்குவது மலிவுதான், வைத்துக் காப்பாற்றுவது அப்படியில்லை. பதிவான 180 நாளுக்குள் தொழில் தொடக்கத்தை உறுதி செய்யும் ஐஎன்சி-20ஏ படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் பங்குத் தொகை கம்பெனியின் வங்கிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாத ஆண்டிலும் ஆடிட்டர் வேண்டும். ஏஓசி-4 (ஆண்டு நிதிக் கணக்கு), எம்ஜிடி-7ஏ (ஆண்டு விவர அறிக்கை) இரண்டும் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லாமல் ஏறும். மூன்று மாதம் மறந்தாலே இரண்டுக்கும் சேர்த்து 18,000. வெளியாரிடம் முதலீடோ விதை நிதியோ வாங்கும் எண்ணம் இல்லாதவர் தனிநபர் தொழிலாக இருந்து உத்யமோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

கம்பெனிதான் என்று முடிவெடுத்தவர் முகவரிச் சான்றை முதலில் பார்க்கட்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீதும், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். கடலோரக் குடியிருப்புகளில் மின் இணைப்பு இன்னமும் தாத்தா பெயரில் இருப்பது சாதாரணம். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுப் பதிவில் இறங்கினால் அலைச்சல் குறையும்.

அங்கீகார விண்ணப்பத்தில் புதுமை என்ன என்று ஒரு சிறு குறிப்பு கேட்பார்கள். அதில் 'பாரம்பரிய முறையில் தரமான கருவாடு' என்று எழுதினால் அது விளம்பரப் பலகை வாசகம். எந்த மீன், உப்பு எத்தனை சதவீதம், சூரிய உலர்த்தியில் எத்தனை மணி நேரம், முடிவில் ஈரப்பதம் எவ்வளவு, மணலில் காயவைப்பதைவிட இதில் என்ன மாறுகிறது, இதையே பத்து ஊரில் செய்ய முடியுமா? இவற்றுக்குப் பதில் இருந்தால் அரைப்பக்கம் போதும். ஆய்வக அறிக்கை ஒன்றை இணைத்தால் பலம் கூடும். பொதுவாக இந்தச் சேவைக்கு மூன்றரை.

டான்சீட் வழக்கமாக 10 லட்சம். பெண்கள் நடத்துவது, பசுமைத் தொழில், ஊரக வாழ்வாதாரம் சார்ந்தது என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும். இது வெறும் மானியம் அல்ல என்பதைக் குழுவினர் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நம் கரைத் தொழில்களில் பாதி இந்த 15 லட்சப் பிரிவுக்குள் தாமாகவே வந்துவிடும். பணத்தைவிடப் பெரிய தடை தூரம். அருகிலுள்ள வட்டார மையம் மதுரையில். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 170. வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் பேச ஒரு முழு நாள் போய்விடும். போகிறவர் மூன்று நான்கு சந்திப்புகளை ஒரே நாளில் கோத்துக்கொண்டு போக வேண்டும்.

விண்ணப்பங்களில் அதிகம் அடிபடுவது கணக்கு. பாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பாபைகஸ், கரையில் சொல்வதானால் பெப்சி பாசி. 12க்கு 12 அடி மூங்கில் தெப்பம், 60 கிலோ விதை, 45 நாள். நன்றாக வந்தால் 240 கிலோ ஈரப்பாசி. விண்ணப்பத்தில் 240 கிலோவையும் வருமானமாக எழுதி, 365ஐ 45ஆல் வகுத்து ஆண்டுக்கு எட்டு அறுவடை என்று போடுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு 60 கிலோ விதை எடுத்து வைத்தால் மிச்சம் 180. பத்துக்கு ஒன்று என்று காய்ந்தால் 18 கிலோ. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெப்பம் நிற்காது. கோடை வெயிலில் நீர் சூடேறினால் தண்டு வெளுத்து ஒடியும் நோய் வரும். அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். ஆண்டுக்கு ஐந்து சுற்றுக்கு மேல் எழுதாத திட்டம்தான் கேள்விக்கு நிற்கும்: ஒரு தெப்பத்துக்கு 90 கிலோ காய்ந்த பாசி.

இடமும் முக்கியம். மன்னார் வளைகுடாப் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே கப்பாபைகஸ் வளர்க்கத் திட்டம் போட்டால் அதோடு சரி. குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் இந்தப் பாசி படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008லேயே பதிவு செய்துவிட்டார்கள். பாக் நீரிணைப் பக்கம் எந்த ஊர், யாருடைய அனுமதி என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மாவட்டத் தொழில் மையத்தின் பக்கம் வந்தால் பேச்சு எளிது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கு மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். புதுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் கிராமப்புறத்துக்குப் பொதுப்பிரிவுக்கு 25, பெண்களுக்கும் பிற்பட்டோருக்கும் 35 சதவீதம். இரண்டுமே வங்கிக் கடனோடு ஒட்டியவை. பிஎம்இஜிபி மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வைப்பாக வங்கியிலேயே கிடந்து பிறகுதான் கடனில் கழியும். 'மானியம் வந்ததும் மெஷினுக்கு மீதியைக் கொடுத்துவிடலாம்' என்று முன்பணம் கட்டியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான்கு மதிப்பெண்.

இனி எந்த இணையதளமும் செய்து தராத வேலை: தொழில் செய்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பது. பெங்களூருவில் சனிக்கிழமை மாலை கூட்டம் போட்டால் கூட்டம் வரும். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் ஒன்று சனி. திங்களும் புதனும் மற்றவை. மறுநாள் காலை கரை சேர்ந்து ஏலம் முடிய வெயில் ஏறிவிடும். வெள்ளி மதியம் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஜும்ஆ. ஞாயிறு காலை தங்கச்சிமடத்தில் பூசை. எஞ்சுவது செவ்வாய், வியாழன் மாலை நான்கு மணிக்கு மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நீண்ட பயிற்சி வைக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் கல்லூரிகளில் தேர்வும் விடுமுறையும் அப்போதுதான்; பொறியியல் மாணவர்களும் மீனவர்களும் ஒரே அறையில் உட்கார வேண்டுமென்றால் ஆடி, ஆவணியே சரி.

கூடி முடிவெடுக்கத் தெரியாத கரையல்ல இது. பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டவர்கள். அவர்களுடைய தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி பரிசு கிடைத்தது. இவர்களை 'பயனாளிகள்' என்று பின்வரிசையில் உட்காரவைக்கும் கூட்டம் இரண்டாவது மாதமே கலைந்துவிடும்.

அழைப்பை லிங்க்ட்இன்னில் போட்டால் ஊரை விட்டுப் போனவர்கள்தான் லைக் போடுவார்கள். பாம்பனின் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, ஏலக்கூடப் பலகை, சங்கத்து ஒலிபெருக்கி, இவை மூன்றுமே ஆளைக் கொண்டுவரும். 15 பேருக்கு மேல் வேண்டாம். தலைப்பு 'தொழில்முனைவு' என்றிருந்தால் நாற்காலிதான் நிறையும். 'கருவாட்டுப் பாக்கெட்டில் ஈரம் கசிவது ஏன்' என்றிருந்தால் ஆளுக்கொரு பாக்கெட்டோடு வருவார்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும், உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகம். இவ்வளவு அறிவு ஒரே கரையில் இருந்தும் அது தானாக நம் கொல்லைக்கு வராது. 'வந்து பேசுங்கள்' என்று பொதுவாகக் கடிதம் எழுதாமல், மாதிரியையும் ஒரே ஒரு கேள்வியையும் கொண்டுபோனால் பதில் தெளிவாக வரும்.

முண்டு மிளகாய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக அந்த முத்திரையை யாரும் பாக்கெட்டில் அடித்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் படிவம் நிரப்பினால் ஒரு செவ்வாய் மாலைக்குள் முடிகிற வேலை.