சேகோ ஆலை பயோகேஸுக்கு இரும்பு ஆக்சைடு பெல்லட்: உடைத்துப் பார்த்து வாங்குங்கள்

ஆத்தூர், தலைவாசல் பக்கத்து சேகோ ஆலைகளில் கழிவுநீரிலிருந்து எடுக்கும் பயோகேஸில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்து வரும். அப்படியே ஜெனரேட்டருக்கு விட்டால் ஆயில் சீக்கிரம் கெடும், பேரிங் அரித்துப்போகும். அதைப் பிடிக்க விற்கும் பழுப்புக் குச்சி பெல்லட் நல்ல பொருள்தான், ஆனால் சாக்கில் போட்டிருக்கும் மி.மீ. அளவை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

குச்சியின் தடிமன் வாயு தடையில்லாமல் போவதற்கு. வினை நடப்பது அதற்குள் இருக்கும் நுண்துகள்களின் மேற்பரப்பில். 100 மைக்ரான் மேக்னடைட் (கருப்பு இரும்புத் தாது) மணலில் ஒரு கிராமுக்கு சுமார் 0.01 சதுர மீட்டர் பரப்புதான். அதனால் சேலம் கஞ்சமலையின் மேக்னடைட் கல்லை இடித்து நிரப்பினால் வேலைக்கு ஆகாது. 10 நானோமீட்டர் கோதைட் (நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு) துகளில் ஒரு கிராமுக்கு சுமார் 140 சதுர மீட்டர். தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, துகள் 0.1 மைக்ரான் என்றால், 11 சதுர மீட்டர் வரை வரும். ஆனால் அது சுட்டுத் தயாரித்த ஹேமடைட் (சிவப்பு இரும்பு ஆக்சைடு) என்றால் அதில் நீர் இருக்காது, வினை மந்தம். பொடியாகவே கொட்டினால் வாயு கடந்துபோகும் டிரம் அடைத்துக்கொள்ளும்.

ஒரு பெல்லட்டை உடையுங்கள். உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பாக, விரலில் மாவாக ஒட்ட வேண்டும். செங்கல் சிவப்பில் வழவழவென்று இருந்தால் அதிகம் சுட்டது: துகள்கள் இறுகிப் பெரிதாகி, பரப்பு போய்விட்டது. இன்னொன்றை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். சேறாகக் கரைந்தால் வேண்டாம், ஈர வாயுவிலும் அப்படித்தான் ஆகும். நிரப்பும் முன் சலித்து, சாக்கின் அடித்தூளை ஒதுக்குங்கள்.

கணக்குப்படி ஒரு கிலோ ஆக்சைடு 640 கிராம் ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்கும். டிரம்மில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும், மேலே படியும் சல்பைடும் கந்தகமும் உள்பரப்பை மூடிவிடுவதால். இரண்டு டிரம்மை வரிசையாக வையுங்கள். முதல் டிரம்மின் வெளிவாயில் ஈரமாக்கிய லெட் அசிடேட் தாள் (ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுக்கும் சோதனைத் தாள்) கறுத்தால் அந்த டிரம்மின் பெல்லட்டை மாற்றும் நேரம்.

மாற்றும்போதுதான் ஆபத்து. துகள் நுண்மையாக இருப்பதால் கறுத்த சல்பைடும் காற்றுப் பட்டதும் வேகமாகச் சூடேறும். குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், மூச்சை அடைக்கும் கந்தகப் புகை வரும். கேஸ் வால்வை மூடி, திறக்கும் முன் தண்ணீர் ஊற்றி நனையுங்கள். பிறகு வெட்டவெளியில் மெல்லிசாகப் பரப்பி, ஈரம் காயாமல் தெளித்துக்கொண்டே இருங்கள். கறுப்பு மாறிப் பழுப்பு திரும்பினால் மறுபடி நிரப்பலாம். பிடிக்கும் அளவு ஒவ்வொரு தடவையும் குறையும்.