வடுவூர்ச் சாலையில் போன இரண்டு மணி நேரம்

பொங்கலுக்கு லண்டனிலிருந்து மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். காணும் பொங்கலன்று மாலை, சித்தப்பா மகன் வடுவூர் தாண்டிச் சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் சறுக்கி பைக்கோடு விழுந்தான். தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வழியில் வந்தவர்கள் லோடு ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஸ்கேன் வசதி இல்லை. "மூளை வீங்காமலிருக்க ஊசி போட்டாயிற்று" என்றார்கள். காலிக் குப்பியைப் பார்த்தேன்: டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கூடாது. 10,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய கிராஷ் ஆய்வில், அந்த வகை மருந்து பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. அது வெளிவந்தது 2004இல்! ஊசியாவது போகட்டும், பையனுக்கு ஆக்சிஜன் வைக்கவே இல்லை. விரலில் மாட்டிய கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம்தான் என்று காட்டியது.

அடிபட்ட நொடியில் செத்த செல்களை எவராலும் மீட்க முடியாது. பிறகு மணிக்கணக்கில் நடப்பதுதான் இரண்டாவது சேதம்: மண்டைக்குள் வீக்கம் ஏறும், அழுத்தம் கூடும், ரத்தம் எட்டாத திசு மடியும். ஆக்சிஜன் குறைந்தாலும், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் கீழே போனாலும் அது விரைந்துவிடும். இந்தச் சேதத்தைத்தான் நம்மால் தடுக்க முடியும்.

108ஐ அழைத்தேன். வண்டியில் ஏறியதும் ஆக்சிஜன் வைத்தார்கள், கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அடிபட்டு மூன்று மணி நேரம் ஆகவில்லையே?" என்பதுதான். இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. டிரானெக்சாமிக் அமிலம் உடனே ஏறியது. மூளைக்குள் ரத்தக் கசிவு பெருகாமல் தடுக்கும் மருந்து அது. லேசான, நடுத்தரக் காயங்களில், சீக்கிரம் கொடுத்தால் உயிரிழப்பைக் குறைப்பதாக 2019 ஆய்வு காட்டியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், தலைப்பக்கம் கட்டிலை 30 பாகை உயர்த்தினார்கள், ஒவ்வொரு மணிக்கும் கண்ணின் மணி சுருங்கி விரிகிறதா என்று பார்த்தார்கள். நெரிசலான வார்டுதான், ஆனால் இதில் ஒரு முறைகூடத் தவறவில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான நம்மைக் காக்கும் 48 என்ற தமிழக அரசுத் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எங்களிடம் யாரும் பணம் கேட்கவுமில்லை.

மறுநாள் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நகையை விற்றாவது வாங்கிவிடலாம். மூளையைக் காக்கும் ஊசி உங்கள் லண்டனில் இருக்குமே?"

இல்லை என்று சொல்வது எளிதாக இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகளிலும் பலன் தெரியவில்லை. நம் ஊரில் தாராளமாக எழுதித் தரும் சிட்டிகோலின் என்ற மருந்து 2012 ஆய்விலேயே தோற்றது. "லண்டனிலும் இதே ஆக்சிஜன், இதே ரத்த அழுத்தம், இதே கண்காணிப்புதான். நகையைத் தொடாதே" என்றேன்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். பேச்சு தெளிவு, பெயர்கள்தான் நழுவுகின்றன. நான் கிளம்பும்முன் 108ஐப் பெரிய எழுத்தில் எழுதி, தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.