மகளின் ஓட்ட வாட்ச்: இரண்டு வருடமும் ஒரு பிளாஸ்திரியும்

மகளின் வாட்சுக்கு இதயத் துடிப்பை அளந்து சொல்லும் நெஞ்சுப் பட்டையை இரண்டாவது தடவையாக மாற்றிய அன்றுதான் நண்பர் கேட்டார்: "என் பொண்ணும் நெடுந்தூரம் ஓட ஆரம்பிச்சிட்டா. இந்த வாட்ச் வாங்கலாமா?"

பேட்டரி, ஜிபிஎஸ் எதிலும் குறையில்லை. என் எரிச்சல் முழுக்க திரை நடுவில் கொட்டை எழுத்தில் ஓடும் அந்தப் பேஸ் எண் (ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு) மேல்தான். மகளுக்கு 16 வயது. 5000 மீட்டரை 18:30-ல் ஓடுகிறாள், அதாவது கிலோமீட்டருக்கு 3:42. ஈஸி ரன்னுக்கு, அதாவது உடம்பை வருத்தாத மெதுவோட்டத்துக்கு, 5:00 முதல் 5:30 வரை தாராளம். ஆனால் 5:20 என்று தெரிந்தாலே அவளுக்குக் கௌரவக் குறைச்சல். கூட ஓடுகிறவள் 4:55 என்றால் இவள் 4:50. இரண்டு பேரும் 4:30-ல் வந்து நின்று, "ஈஸியாத்தான் ஓடினோம்" என்பார்கள், பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு. செட்டிங்கில் எண்ணை மறைத்தால் அவளே திரும்பக் கொண்டுவந்துவிடுவாள். கடைசியில் திரை மேல் பிளாஸ்திரி ஒட்டினேன்.

துடிப்பைப் பார்த்து ஓடலாமே என்பீர்கள். 220-இல் வயதைக் கழித்து உச்சத் துடிப்பு 204 என்று வாட்ச் வைத்திருந்தது. பந்தயத்தின் கடைசிச் சுற்றில் இவளுக்கு 211. மணிக்கட்டு சென்சார் இன்னும் மோசம். மெதுவோட்டத்தில் 176 காட்டியது. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு அவள் காலடியும் 176! துடிப்பை விட்டுவிட்டுக் காலை எண்ணியிருக்கிறது. நெஞ்சுப் பட்டை வந்தது அப்படித்தான்.

அந்தப் பட்டைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். போன வருடம், அதே பாதை, அதே 5:15, ஆனால் 150-ஆக இருந்த துடிப்பு மூன்றே வாரத்தில் 164. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் சூடு லேசாக ஏறி ஓரிரு துடிப்பு கூடுவது உண்டு. இது அப்படி இறங்கவில்லை. நான் சோம்பேறித்தனம் என்று திட்டியிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பு, அடிமட்டத்தில் இருந்தது. அந்தத் திட்டை இன்றுவரை அவள் மறக்கவில்லை, நானும்தான்.

இப்போது எங்கள் அளவுகோல் வாய்தான். பள்ளிக்கூட வம்பை முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் அது ஈஸி.

நேற்று பரீட்சைக் களைப்பு. 5:40-ல் 40 நிமிடம், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓடி முடித்தாள். பிளாஸ்திரியைப் பிரித்தால் வாட்ச் சொல்கிறது: "பயிற்சி பலன் தரவில்லை." பிள்ளை முகம் சுருங்கிவிட்டது.

வாங்காதீர்கள் நண்பரே. ஆசை விடாவிட்டால் சொல்லுங்கள், எங்களுடையதையே தருகிறேன். பட்டை புதுசு.