பேக்ஹேண்டில் ஓஎக்ஸ் லாங் பிம்பிள்ஸ்: ஆறு மாதம் ஆடிப் பார்த்ததில்

டேபிள் டென்னிஸில் இருபது வருஷமாக எனக்கு ஒரே ஆட்டம்தான். மேசையை விட்டு ஓரடி தள்ளி நிற்பேன், பந்து எந்தப் பக்கம் வந்தாலும் ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில், அதாவது உள்ளங்கைப் பக்கத்தால், பந்து முன்னோக்கிச் சுழலும்படி டாப் ஸ்பின் இழுப்பேன். 46 வயதில் வலது முட்டி கையை விரித்துவிட்டது. தண்டையார்பேட்டையில் நாங்கள் ஆடுகிற ஹாலில் எதிரே நிற்பதெல்லாம் காலேஜ் பையன்கள். புறங்கைப் பக்கமான பேக்ஹேண்டில் வேகமாக ஒன்று, அடுத்தது ஃபோர்ஹேண்ட் ஓரத்தில், அவ்வளவுதான், நான் காலி. சரி, காலுக்குப் பதிலாக பேட் கொஞ்சம் வேலை பார்க்கட்டும் என்று, பேக்ஹேண்ட் பக்கம் ஒட்ட, அடியில் ஸ்பாஞ்ச் இல்லாத, நீளமான முட்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் லாங் பிம்பிள்ஸ் ரப்பர் வாங்கினேன். பாக்கெட்டில் ஓஎக்ஸ் என்று போட்டிருக்குமே, அது.

பெரியமேட்டில் நான் கேட்ட கடைகளில் ஸ்பாஞ்ச் வைத்ததுதான் இருந்தது, அதனால் ஆன்லைன். சீனத் தயாரிப்பு, 900 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் தடவை கறுப்பை ஆர்டர் செய்து தொலைத்தேன், ஃபோர்ஹேண்டில் ஏற்கெனவே கறுப்பு இருப்பதை மறந்துவிட்டு! ஒரு பக்கம் கறுப்பு இருந்தால் மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. சிவப்புக்கு மறுபடி காசு.

ஒட்டுவது தனி வேலை. ஸ்பாஞ்ச் இல்லாததால் ரப்பர் வாழையிலை மாதிரி துவண்டுபோகும். பசை தடவி ஒட்டினேன், நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குமிழ். பிய்த்துவிட்டு, இருபக்கமும் ஒட்டுகிற ஷீட் வாங்கி, ரப்பரை இழுக்காமல் கைப்பிடிப் பக்கமிருந்து கண்ணாடி பாட்டிலால் மெல்ல உருட்டிய பிறகுதான் படிந்தது.

இனி ஆட்டம். சாதாரண ரப்பர் பந்தைக் கவ்வித் தன் சுழற்சியை ஏற்றும். இதிலோ முள் மடங்கிக்கொள்ளும், பந்தைப் பிடிக்காது, வந்த சுழற்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். பந்து போகும் திசை மட்டும் மாறுவதால், எதிராளி முழு பலத்தோடு போட்ட டாப் ஸ்பின் அவனிடமே பின்னோக்கிச் சுழலும் பேக் ஸ்பின்னாகத் திரும்பிப் போகிறது, அவன் மறுபடி இழுத்தால் வலை. முதல் நாள் ஒரு பையன் நாலு பந்தை வரிசையாக வலையில் போட்டுவிட்டு, "இன்னாண்ணே இது, பந்து செத்துப்போய் வருது" என்றான். அன்றைக்கு ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது வாரம் அவனே கண்டுபிடித்துவிட்டான். சுழற்சியே இல்லாத மெதுவான பந்தை நீளமாக என் பேக்ஹேண்டுக்குத் தள்ளினான். கொடுத்தால்தானே இந்த ரப்பர் திருப்பித் தரும்? பந்து சும்மா மிதந்து உயர, அவன் அடித்தான். உராய்வே இல்லாத பிம்பிள்ஸை 2008இலேயே சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐடிடிஎஃப் தடை செய்துவிட்டது, அதனால் இப்போது வருபவற்றில் சும்மா பேட்டைக் காட்டிவிட்டு நிற்க முடியாது, நாமும் ஏதாவது செய்தாக வேண்டும்.

அந்த "ஏதாவது" தான் எனக்கு நாலு மாதம் பிடித்தது. பந்தைக் கண்டதும் மணிக்கட்டு பழைய பழக்கத்தில் மேலே தூக்கும், பந்து மேசையைத் தாண்டிப் போகும். மேசையை ஒட்டி நிற்க வேண்டும், பந்து எழும்பும்போதே பேட்டை முன்னும் கீழுமாகச் சின்னதாக அழுத்த வேண்டும். சொல்ல ஒரு வரிதான், ஆனால் என் கால் அதுபாட்டுக்குப் பின்னால் போகும். நண்பர் ஒருவர் எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார், இடித்து இடித்துத்தான் நின்றது. அப்புறம் இரு பக்க ரப்பரும் இடம் மாறும்படி பேட்டைத் திருப்பிப் பிடிப்பது. இந்திய வீராங்கனை மணிகா பத்ரா ஆட்டத்துக்கு நடுவே விரலால் புரட்டுவாரே, அது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே பழகினேன், இரண்டு முறை பேட் தரையில் விழுந்து, வீட்டம்மா முறைத்ததுதான் மிச்சம்.

"ஏமாத்து பேட்" என்று இன்னும் சொல்கிறார்கள். 2024இல் தென் கொரியாவின் பூசானில் நம் அய்ஹிகா முகர்ஜி உலக நம்பர் ஒன்னாக இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவைத் தோற்கடித்தபோது அய்ஹிகாவின் பேக்ஹேண்டில் இருந்ததும் சுழற்சியை மழுங்கடிக்கிற ஆன்டி ஸ்பின் ரப்பர்தான், அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. ஆனாலும் என்னோடு ஆட ஆள் குறைந்தது உண்மை. பழகிக்கொண்டிருக்கிற பையன்களுக்கு இந்த பேட்டோடு ஆடினால் தாளம் கெடும், அவர்கள் கோச் தடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று: மழைக்கால சாயங்காலங்களில் கடல் காற்று ஈரத்தில் என் ஃபோர்ஹேண்ட் ரப்பர் வழுக்கும், பிம்பிள்ஸுக்கு அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

ஃபோர்ஹேண்டில் அடித்து முடிக்கத் தெரியாதவர்கள் இதை வாங்காதீர்கள், தடுத்துத் தடுத்தே தோற்பீர்கள். வயது 25க்குக் கீழே என்றாலும் வேண்டாம், கால் இருக்கிறதே, ஓடுங்கள். முட்டி போன என் வயதுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரே குறை ஆயுள். ஆறு மாதத்தில் பேட் நடுவே மூன்று முள் அடியோடு ஒடிந்துவிட்டது, அந்த இடத்தில் பந்து பட்டால் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. அடுத்த மாதம் வெட்டரன்ஸ் போட்டி, பேட்டை நடுவர் தடவிப் பார்ப்பார். அதனால் நேற்றே அடுத்த ஷீட் சொல்லிவிட்டேன், சிவப்புதானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு.