26 மாதம், ஒரு சோற்றுக் கோப்பை: என் உணவுத் திட்ட அனுபவம்

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். இப்படியான பகிர்வுகளில் நானும் அதைத்தான் முதலில் தேடுவேன். உயரம் 158 செ.மீ. தொடங்கியபோது எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. இன்று 73 கிலோ, 91 செ.மீ. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்கிறார்கள், ஆகவே இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் இறங்கியது திரும்ப ஏறவில்லை. முன்பு இரண்டு தடவை இறக்கி, இரண்டு தடவையும் ஏற்றிக்கொண்ட எனக்கு அதுதான் பெரிது.

அந்த இரண்டாவது தடவை, கைபேசிச் செயலி ஒன்றுக்கு மூன்று மாதக் காசு கட்டியிருந்தேன். வயது, உயரம், எடை எல்லாம் கேட்டு, 'உங்களுக்கென்றே தயாரித்தது' என்று ஒரு திட்டம் வந்தது. காலையில் ஓட்ஸ், மதியம் ப்ரோக்கோலி, இரவு சால்மன். மட்டக்களப்பில் வாவி மீன் வாசலுக்கே வரும், முருங்கை வேலியில் நிற்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு எனக்கு மட்டும் தனிச் சமையல். ஏழு வாரம்தான் தாக்குப்பிடித்தேன்.

அப்புறம் நகரில் ஒரு போசணை ஆலோசகரிடம் போனேன். முதல் நாள் அவர் திட்டம் எதுவும் தரவில்லை. வீட்டில் யார் சமைப்பது, எத்தனை பேர், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டுவிட்டு, "அடுத்த முறை வரக்குள்ள நீங்க சோறு போடுற கோப்பையையும் கொஞ்சம் சோறும் கொண்டு வாங்க அக்கா" என்றார்.

கொண்டு போனேன். விளிம்பு நசுங்கிய பழைய எவர்சில்வர் கோப்பை. சோற்றைக் குவித்துத் தராசில் வைத்தார்: 210 கிராம். மதியம் நான் போடுவது இரண்டு. சமைத்த சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி, ஆக சோற்றில் மட்டும் 550 கலோரி அளவு. அடுத்தது தேத்தண்ணி. நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. கூட்டினால் 40 கிராம், 160 கலோரி. அந்தக் கணக்கை என் கண்முன்னே தாளில் எழுதிக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

வந்த திட்டம் ஒரே பக்கம். மதியம் ஒரு கோப்பை சோறு, குவிக்காமல். தட்டில் பாதி கீரைச் சுண்டலும் மரக்கறியும். மீன் பொரியலுக்குப் பதில் மீன் கறி, அதிலும் தேங்காயின் முதற்பால் குறைத்து. இரவில் இடியப்பம் நான்கு, சொதி, ஒரு அவித்த முட்டை. மாமியின் சமையலில் மாறியது தேங்காய்ப்பால் மட்டும்தான். முதல் வாரம் அவருக்கு மனம் கேட்கவில்லை. "மனே, இன்னும் ஒரு அகப்பை போடட்டா?" என்று தினமும் கேட்பார். மறுக்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. கீரையைக் கூடப் போடச் சொன்னேன், சரி என்று சமாதானமானார்.

ஆறாம் மாதம் எடை 77.5இல் நின்றுவிட்டது, பதினொரு வாரம் அசையவில்லை. உடம்பு சிறுத்தால் அதற்குத் தேவையான சக்தியும் குறையும், முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு இப்போது அதை அப்படியே வைத்திருக்கிறது என்று ஆலோசகர் விளக்கினார். சோற்றை மேலும் குறைக்கச் சொல்லவில்லை. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் 40 நிமிடம் நடக்கச் சொன்னார். மார்கழி மழையில் அது நடக்கவில்லை, அந்த மாதம் ஒரு கிலோ கூடியது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வாரத்தில் எடையே பார்க்க வேண்டாம் என்றதும் அவர்தான்.

குறை இல்லாமல் இல்லை. சந்திப்பு மாதத்துக்கு ஒன்றுதான். தட்டைப் படமெடுத்து அனுப்பினால் பதில் வர இரண்டு நாள் ஆகும். செலவும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. இன்னொன்று, நீரிழிவுக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்க வேண்டாம், சில குளிசைகளோடு இரத்தத்தில் சீனி அளவு திடீரென்று இறங்கிவிடலாம்.

இப்போது இரவு இடியப்பத்தை மூன்றாக்கலாமா என்று ஆலோசகர் கேட்டிருக்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. தை மாதம் வரை இதே அளவில் பார்க்கப் போகிறேன்.