40 மி.மீ போதும்: ஜிம்னியில் லிஃப்ட் கிட் போட்டு ஓட்டிய அனுபவம்

லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு, வாங்க நினைக்கிற எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் ஏறும்?" என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகக் கேட்டால் போதும். வண்டியில் எவ்வளவு எடை ஏறப்போகிறது, எந்த டயர் போடப்போகிறோம், ஷாக் அப்சார்பர் எப்படிப்பட்டது என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் உயரம் தானாக முடிவாகிவிடும். என்னுடைய மூன்று கதவு சுசூகி ஜிம்னியில் 40 மி.மீ கிட் போட்டுச் சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தினசரி ஓட்டமும் அதில்தான். கல்லும் சேறும் ஆற்றுப்படுகையும் அதில்தான். கிட்டின் பிராண்டைச் சொல்லப்போவதில்லை. என் வண்டி எடைக்குச் சரியாக வந்த ஸ்பிரிங் இன்னொருவர் வண்டிக்கும் சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு கணக்கு. ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கினால் சேஸிஸ் உயரும், பாடி உயரும், பம்பர் உயரும். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைத்த தண்டு. அதில் தொங்கும் டிஃபரன்ஷியலில்தான் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) கல் முதலில் முட்டும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதுவும் டயர் விட்டம் கூடுவதில் பாதியளவுதான். கம்பெனி டயர் 195/80 ஆர்15, விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ. 215/75 ஆர்15 என்றால் 703. டிஃபரன்ஷியல் வெறும் 5 மி.மீ மேலே போகும். 235/75 ஆர்15 என்றால் 733, அப்போது 20 மி.மீ கிடைக்கும். அந்த டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைத்துக் காட்டும், 1.5 லிட்டர் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டுவிட்ட மாதிரி இருக்கும். மேட்டில் ஒரு கியர் முன்னதாகவே இறக்க வேண்டிவருகிறது.

அப்படியானால் ஸ்பிரிங் லிஃப்ட் எதற்கு? அந்தப் பெரிய டயர் உரசாமல் முழுக்கத் திரும்பவும், மேலே ஏறி இறங்கவும் இடம் வேண்டும். அடுத்தது வயிறு. ஜிம்னியில் முன்பக்கம் முட்டாமல் மேட்டில் ஏறுகிற அப்ரோச் கோணம் 37 டிகிரி, பின்பக்கம் தட்டாமல் இறங்குகிற டிபார்ச்சர் 49, இரண்டுமே தாராளம். நடுவில் மேடு தட்டுகிற பிரேக்ஓவர் கோணம் 28 டிகிரிதான். லிஃப்ட் போட்ட பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்த மாற்றம் இங்கேதான். முன்பு கிறீச்சென்று அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கிய மேடுகளில் இப்போது சத்தமில்லாமல் இறங்குகிறது.

பாடி லிஃப்ட் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுத்து உயர்த்துவது அது. டயருக்கு இடம் கிடைக்கும், சேஸிஸ் பழைய உயரத்திலேயே நிற்கும். ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைப்பது மலிவான வழி. பழைய ஷாக்கையே விட்டுவிட்டால் வண்டி உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே தொங்கும் தூரம் போய்விடும். இரண்டுமே எனக்கு வேண்டியதைத் தரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கிட் விற்பவர்கள் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று வகை ஸ்பிரிங் வைத்திருப்பார்கள்: வெறும் வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கயிற்று உருளை) உள்ள வண்டிக்கு ஒன்று, எப்போதும் சாமானோடு திரிகிற வண்டிக்கு ஒன்று. ஜிம்னி சுமார் 1,100 கிலோ எடையுள்ள சின்ன வண்டி. 50 கிலோ கூடினாலே அதன் முகம் மாறிவிடும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேட்கிற ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். பம்பர், வின்ச் இரண்டும் சேர்ந்து முன் ஆக்சிலில் 60 கிலோ ஏற்றினால் ஒரு பக்கத்துக்கு 30 கிலோ, அதாவது 15 மி.மீ அமுக்கம். 40 மி.மீ வாங்கியதில் 15 அங்கேயே போயிற்று. உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே போகும்; பம்பர் ஆக்சிலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால் அதன் எடையைவிட அதிகமாக முன்பக்கத்தில் இறங்கும்.

சரி, கனத்த ஸ்பிரிங்கே போட்டுவிடலாமே என்றால் அது இன்னொரு தொல்லை. காலியாக ஓட்டும்போது வண்டி துள்ளும், சக்கரம் மண்ணை விட்டு எழும், பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது. ஆகவே வாங்குவதற்கு முன் எடைமேடைக்குப் போய் முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி என்று எடை போட்டுப் பார்ப்பது நல்லது. வழக்கமாக வண்டியில் என்ன இருக்குமோ, அத்தோடு போட வேண்டும். இன்னொன்று: கனத்த ஸ்பிரிங் போட்டதால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை கூடிவிடாது. பிரேக்கும் ஆக்சிலும் பழையவைதானே.

என்னைப் பொறுத்தவரை கிட் விலையில் பாதிக்கு மேல் ஷாக் அப்சார்பருக்குத்தான் தகும். ட்வின் டியூப், மோனோ டியூப் என்று இரண்டு சாதி. மோனோ டியூபில் எண்ணெயும் அழுத்தமேற்றிய நைட்ரஜனும் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும். சூடு சீக்கிரம் வெளியேறும், எண்ணெய் நுரைக்காது. ஆனால் வெளிச்சுவரிலேயே பிஸ்டன் ஓடுவதால் ஒரு கல் பட்டு நெளிந்தாலும் கதை முடிந்தது. ட்வின் டியூபில் வெளிக்குழாய் கொஞ்சம் நெளிந்தாலும் உள்ளே வேலை நடக்கும். நான் மெதுவாகக் கல்மேல் ஏறி இறங்குகிற ஆள் என்பதால் தடித்த ட்வின் டியூபை எடுத்தேன். இப்போது பார்த்தால் பின்பக்க ஷாக் உடம்பில் இரண்டு நசுங்கல் இருக்கின்றன, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் பலவீனமும் தெரியும்: அலை அலையாகக் கிடக்கிற மண்ரோட்டில் நெடுநேரம் வேகமாகப் போனால் ஷாக் சூடேறி, பின்பக்கம் மிதக்க ஆரம்பிக்கும். நிறுத்தி ஆறவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட ரோட்டிலேயே பெரும்பாலும் ஓட்டுபவர் மோனோ டியூப் பக்கம் போகலாம்.

வாங்கும்போது இரண்டு அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்: ஷாக் முழுக்க நீண்டால் எவ்வளவு, முழுக்க அமுங்கினால் எவ்வளவு. நீளம் குறைவாக இருந்தால் சக்கரம் தொங்கும்போது டங்கென்று உள்ளே இடிக்கும். மிக நீளமாக இருந்தால் ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தை விட்டுக் கழன்று கிடக்கும். அமுங்கிய நீளம் கூடுதலாக இருந்தால் பம்ப் ஸ்டாப்பை (ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) தொடும் முன்பே ஷாக் தன் அடியில் முட்டி உடைபடும். அதனால்தான் நல்ல கிட்டில் பம்ப் ஸ்டாப்புக்கும் நீட்டிப்பு வரும். என் கிட்டில் அது இல்லை, தனியாக வாங்கிப் போட வேண்டியிருந்தது. விளம்பரத்தில் "முழு கிட்" என்றுதான் போட்டிருந்தது.

அடுத்தது ஸ்டியரிங். நிறைய பேர் லிஃப்ட் போட்டுவிட்டு வெறுத்துப்போவது இதில்தான். ஜிம்னியின் முன் ஆக்சிலைப் பின்னாலிருந்து சேஸிஸோடு இணைக்கும் இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. சேஸிஸ் உயர்ந்தால் ஆர்மின் பின்முனையும் உயரும், ஆக்சில் முன்பக்கமாகச் சுழலும், காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஆர்ம் 75 செ.மீ நீளம் என்று வைத்தால் 40 மி.மீக்குச் சுமார் 3 டிகிரி. சைக்கிளில் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வும் ஒரு காரணம் இல்லையா, காரிலும் அந்த வேலையைச் செய்வது காஸ்டர்தான். அது குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஆர்ம் முனைகளில் உள்ள ரப்பர் வளையமான புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்து, வீல் பேலன்ஸும் சரியில்லை என்றால் ஒரு சின்னப் பள்ளத்துக்குப் பிறகு ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். அதற்குத்தான் துளை மையம் தள்ளி அமைந்த காஸ்டர் புஷ்கள். என் வண்டியில் அவற்றைக் கிட்டோடு சேர்த்தே போட்டோம், உதறல் வந்ததில்லை. ஆனால் பாலியூரித்தேன் புஷ் ரப்பரைவிட விறைப்பு. ஆக்சில் சாய்வதில் கொஞ்சம் பிடித்தம் தெரிகிறது, மழை நாளில் கீச்சொலியும் உண்டு.

ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு பிடிக்கும் லேட்டரல் ராடும் இதே கதைதான். நீளம் மாறாத ராடு, வண்டி உயர்ந்ததும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுக்கும். 40 மி.மீக்குச் சில மில்லிமீட்டர் விலகல்தான். கண்ணுக்குத் தெரியாது, ஸ்டியரிங் நடுவை அலைன்மென்டில் சரிசெய்துகொள்ளலாம். 75 மி.மீ, 100 மி.மீ என்று போகிறவர்களுக்கு அட்ஜஸ்டபிள் ராடு, நீண்ட பிரேக் ஹோஸ், புதிய ஆர்ம், புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். நான் 40இல் நின்றதற்குப் பாதிக் காரணம் இந்தப் பட்டியல்தான்.

பொருத்தும் நாளில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஆர்ம், ராடு, ஷாக் ஆகியவற்றின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்குவது வண்டி தன் சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். மேலே தொங்கும்போதே முறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். தரையில் இறக்கியதும் எப்போதும் முறுக்கேறியே இருந்து சீக்கிரம் கிழியும். "மேலேயே டைட் பண்ணிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் மெக்கானிக். "இல்லண்ணே, இறக்கி வச்சுட்டே முறுக்குங்க" என்று நானும் அடியில் படுத்துவிட்டேன். கிழியாத புஷ்களைப் பார்க்கும்போது அந்த முதுகுவலி பெரிதாகத் தெரியவில்லை. சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்த்தோம். இரண்டு சற்றே இளகியிருந்தன.

பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் மூன்றையும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் கையால் தொட்டுப் பாருங்கள். விறைத்து நின்றால் அப்படியே ஓட்டக் கூடாது. ஹெட்லைட்டைக் கட்டாயம் இறக்க வேண்டும், எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கக்கூடாது. உங்கள் ஊர்ச் சட்டமும் இன்சூரன்ஸும் எவ்வளவு உயரத்தை ஒப்புக்கொள்கின்றன என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ரோட்டில் எப்படி? வளைவில் சாய்வு கூடியிருக்கிறது, பிரேக் அடித்தால் மூக்கு கொஞ்சம் கூடுதலாகக் குனிகிறது, பக்கக் காற்றில் தள்ளாட்டம் முன்பைவிட அதிகம். புவியீர்ப்பு மையம் மேலே போனால் இதெல்லாம் வரும். எந்தக் கிட்டாலும் தப்பிக்க முடியாது. ஆனால் பள்ளங்களில் கம்பெனி சஸ்பென்ஷனைவிட இது மேல். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே குறை, ஏறி உட்கார முன்பைவிட உயரமாகத் தூக்கிக் கால் வைக்க வேண்டியிருப்பது.

புது ஸ்பிரிங் முதல் சில மாதங்களில் கொஞ்சம் உட்காரும். அதை அளக்கத் தரையிலிருந்து அளக்காதீர்கள், காற்று குறைந்தாலே கணக்கு மாறிவிடும். வீல் மையத்திலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை நாடா பிடியுங்கள். என் வண்டியில் ஓட்டுநர் பக்கம் எதிர்ப்பக்கத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் நான் மட்டும் உட்கார்ந்து போவதால் இருக்கலாம். சில கிட்டுகளில் இதற்காகவே ஒரு பக்க ஸ்பிரிங் கொஞ்சம் உயரமாக வரும். முன் ஸ்பிரிங்கில் பூச்சு உரிந்து துருப்புள்ளி தென்படுகிறது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மேலே பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

பின் ஷாக் ஒன்றில் சீலுக்குக் கீழே லேசான எண்ணெய் ஈரம். சொட்டவில்லை, அதனால் இன்னும் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். மாற்றும் நாளில் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்றுவேன். மேல் கேரியரைக் கழற்றிவிட்டதால் பின் ஸ்பிரிங்கும் இப்போது ஒரு படி விறைப்பாகத் தெரிகிறது. அடுத்த முறை பின்னுக்கு மட்டும் இளகிய ஸ்பிரிங், அதே 40 மி.மீ.